யாருக்கு மருந்து?

தாழையூர்க் கோட்டைக்குச் சுண்ணாம்பு பூசிய ஈரம்கூடக் காயாத காலம். அந்தச் சீமையை மாறவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஓர் உத்தரவு போட்டால் மாலையில் அதற்கு நேர்மாறாக இன்னொன்று போடுவார். போதாததற்குப் பாட்டு வேறு. அவர் வாயைத் திறந்தால் மாடத்துப் புறாக்கள் கூண்டோடு கிளம்பிவிடும்.

மந்திரி முத்துக்கறுப்பர் மாட்டுச் சந்தையில் தரகு பார்த்து, அடியும் உதையும் பட்டு மேலே வந்தவர். கோபம் வந்தால் மீசை தானாக எழுந்து நிற்கும்.

அன்று வைத்தியசாலை மாணவர்களுக்குச் சபையில் பரீட்சை. ராஜவைத்தியர் அகோரநாதர் வெண்கல மணியை அடித்து நோயைச் சொல்வார். சட்டென்று மருந்தைச் சொல்பவருக்குத் தேர்ச்சி.

"வயிற்றுவலி!"

மாணவர்கள் முட்டிமோதிக் கத்தினார்கள். தையல்நாயகி என்ற பெண் மட்டும் நிதானமாக, "யாருக்குங்க ஐயா?" என்றாள்.

"காய்ச்சல்!"

"யாருக்குங்க ஐயா?"

சபை விழுந்து விழுந்து சிரித்தது.

"மருந்து நோய்க்கு அம்மா! யாருக்கு என்று கேட்க, சம்பந்தி வீட்டுக்கா பந்தி வைக்கிறோம்?" என்றார் அகோரநாதர். நோயாளிகள் தம்மை விட்டுவிட்டு இவளைத் தேடிப் போகிற எரிச்சல் அவருக்கு.

ராஜா கொட்டாவி விட்டார். "இந்த மந்தத்துக்கு வைத்தியம் வராது. இன்றே ஊருக்கு அனுப்புங்கள்."

தையல்நாயகிக்குக் கண் கலங்கியது. "எங்க ஊர்ல வைத்தியரே இல்லீங்க மகாராஜா. என்னைத்தான் நம்பிக்கிட்டு இருக்காங்க."

முத்துக்கறுப்பரின் மீசை எழுந்துவிட்டது. "மகாராஜா, மாடு வாங்கப் போனாலே நான் பல்லைப் பார்க்காமல் விலை பேசமாட்டேன். மனுசனுக்கு மருந்து, ஆளையே பார்க்காமலா? இன்னும் ஒரே ஒரு கேள்வி, அதை நான் வைக்கிறேன். இவள் தோற்றால் இவளோடு நானும் மூட்டை கட்டுகிறேன்."

"பலே, வையும் பார்ப்போம்!" ராஜாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

மந்திரி அந்தப்புரம் பக்கம் போய்த் திரும்பினார். சபையில் ஒரு திரை கட்டப்பட்டது. பின்னால் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

"திரைக்குப் பின்னால் நோயாளி. ராத்திரி தூக்கமே இல்லை. அடியும் மணியை!"

"அபினி உருண்டை!" என்று ஒரே குரலில் கத்தினார்கள் மாணவர்கள்.

"சபாஷ்!" அகோரநாதர் உருண்டையைக் கையிலேயே எடுத்துவிட்டார்.

"யாருக்குங்க?" என்றாள் தையல்நாயகி.

"நீயே போய்க் கேள், தாயி," என்றார் மந்திரி.

அவள் திரையருகே குனிந்தாள். "அம்மா, தூக்கம் வரலையா, இல்ல தூங்க விடலையா?"

பதிலுக்கு உள்ளிருந்து ஒரு குழந்தை வீல் என்று அழுதது. ராஜா பாதி எழுந்துவிட்டார். அவருக்குத் தெரியாத அழுகையா அது?

"தூக்கம் சொக்குதம்மா," என்றது ராணியின் குரல். "தாதி தூக்கினா கத்துறான். இவங்கப்பா நெஞ்சுல போட்டாத்தான் அடங்குவான். அவங்களுக்கு ராஜ்ய வேலை."

"பால் குடுக்குறீங்களாம்மா?"

"ஆமா."

மந்திரி திரும்பினார். "வைத்தியரே, உருண்டையைக் கொடுங்கள். சபாஷ் போட்டீர்களே!"

அகோரநாதரின் கை பின்னுக்குப் போனது. "ஐயோ, கூடாது. தாய்க்குக் கொடுத்தால் பால்வழியே பிள்ளைக்கு இறங்கும். மயங்கிவிடும். மூச்சே..."

"அப்படியென்றால் உமக்குத் தெரியும்?"

"தெரியும்."

"தெரிந்துமா கேட்கவில்லை?"

வைத்தியர் தலை குனிந்தார். "மணி அடித்துவிட்டதே..."

ராஜாவின் முகம் வெளுத்திருந்தது. "நீ என்ன மருந்து தருவாய், அம்மா?"

தையல்நாயகி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மருந்து, மகாராஜாதாங்க. ராத்திரி ஒரு வேளை, பிள்ளையை நெஞ்சுல போட்டுக்கணும். பசிச்சா மட்டும் அம்மாகிட்ட குடுங்க."

"பத்தியம்?" என்றார் மந்திரி.

"பாடக் கூடாதுங்க."

முதலில் சிரித்தது திரைக்குப் பின்னிருந்த ராணி. பிறகு ராஜாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இனிப் பரீட்சையில் மணி கிடையாது. யாருக்கு என்று கேட்காதவருக்குத் தேர்ச்சியும் கிடையாது. அகோரநாதரே, அடுத்த பரீட்சையில் நீரும் மாணவர்களோடு உட்காரும். தையல்நாயகி, உன் ஊரில் வைத்தியசாலை எழும்பும். அதற்கு நீதான் வைத்தியர்."

மறுநாள் சபை கூடியது. "ராஜாதிராஜ..." என்று கட்டியக்காரன் தொண்டையைத் திறந்தான். முத்துக்கறுப்பர் பாய்ந்துபோய் அவன் வாயைப் பொத்தினார்.

சிம்மாசனத்தில் ராஜா, பட்டு அங்கவஸ்திரத்தில் பிள்ளை கக்கிய பால் கறையோடு, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"மெதுவாப்பா," என்றார் மந்திரி. "மருந்து இப்பத்தான் கண்ணசந்திருக்கு."