காகம் தொடாத அடிசில்

முன்னொரு காலத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த செங்குன்ற நாட்டை மாறவேள் என்றொரு அரசன் ஆண்டான். அவனுக்குப் பசி சொல்லிக்கொண்டு வராது. நினைத்த மாத்திரத்தில் இலை விரிய வேண்டும். இலையில் நெய் ஒழுக அக்கார அடிசில் இருக்க வேண்டும்.

"அரிசி வேக நேரம் வேண்டாமா, மகாராஜா?" என்று மடைப்பள்ளிச் சமையற்காரி வடிவு ஒருநாள் கேட்டுவிட்டாள்.

அரண்மனைச் சரக்கறையான உக்கிராணத்தின் அதிகாரி வல்லபராயனுக்கு அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. வடிவை வேலைக்கு வைத்தவர் மந்திரி இளநாகர். மந்திரியின் ஆசனத்தின் மேல் வல்லபராயனுக்கு வெகுநாளாகக் கண்.

"இனி அரசர் காத்திருக்கவே வேண்டாம்" என்றான்.

மறுவாரம் உக்கிராணத்தில் இருநூறு ஜாடிகள் வந்து இறங்கின. வாயில் அரக்கு முத்திரை. கழுத்தில் ஓலைச்சீட்டு: "இன்று சமைத்தது. பச்சரிசி, வெல்லம், பசுநெய். வேறொன்றும் இல்லை." ஜாடியைத் திறந்து இலையில் இடுவது மட்டுமே வடிவின் வேலை என்றாயிற்று.

அதன்பின் அரண்மனையில் சில சின்ன விஷயங்கள் மாறின. முதலில் மடைப்பள்ளியை விட்டு எறும்புகள் போயின. வரிசையாக, முட்டைகளைத் தூக்கிக்கொண்டு. பிறகு ஈக்கள். பூனை அரசனின் இலையை முகர்ந்து, பின்னோக்கி நடந்து வெளியேறியது. ஒரு மாலை சபையில் எல்லோரும் கொசு அடித்துக்கொண்டிருக்க, அரசன் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"என்னை மட்டும் ஏன் ஒன்றும் கடிக்கவில்லை?"

"தங்கள் வீரத்துக்கு அஞ்சித்தான், அரசே!" என்றான் வல்லபராயன். சபை சிரித்தது. இளநாகர் சிரிக்கவில்லை.

அமாவாசை வந்தது. அந்த நாட்டு வழக்கப்படி அரசன், இறந்த தந்தைக்கு முதல் கவளத்தை மதில்மேல் வைத்து, காகம் எடுத்த பிறகே உண்ண வேண்டும். வைத்ததை மனிதர் யாரும் தொடக் கூடாது. காகங்கள் வந்தன. தலையைச் சாய்த்து அடிசிலைப் பார்த்தன. ஒரு சத்தமும் இல்லாமல் எழுந்து போயின. அடுத்த அமாவாசையிலும் அப்படியே. மூன்றாவதில் அவை வரவே இல்லை. வானம் துடைத்து வைத்தது போல வெறுமையாக இருந்தது. மதிலில் மூன்று கவளங்கள் வெயிலில் மினுமினுத்தன.

"அப்பா என்மேல் கோபமாக இருக்கிறார்" என்றான் அரசன். அவன் குரல் சிறுபிள்ளையின் குரலாகிவிட்டிருந்தது.

"பரிமாறுகிற கையில் தோஷம், அரசே. மந்திரியார் தேடிப் பிடித்த கையல்லவா!" என்றான் வல்லபராயன்.

"அடுத்த அமாவாசை உச்சிப்பொழுதுக்குள் காகம் எடுக்காவிட்டால், அந்தக் கையை வெட்டுங்கள்."

வடிவு மந்திரியிடம் ஓடினாள். "ஐயா, இந்தக் கை அந்தச் சோற்றை ஆக்கவே இல்லையே!"

"தெரியும் அம்மா. அன்றைக்கு நீயே ஆக்கு. ஒரு பிடி போதும்."

அந்த நாளும் வந்தது. முற்றத்தில் வெட்டரிவாளைச் சாணை பிடிக்கும் ஓசை சபைக்குள் கேட்டது. இளநாகர் ஒரு ஜாடியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

"கை போகுமுன் அதிகாரியின் அடிசிலைச் சோதித்துவிடலாமே, அரசே."

"தாராளமாக!" என்று வல்லபராயன் முந்திக்கொண்டு ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான். "அடடா! இப்போதுதான் இறக்கியது போல இருக்கிறது. மந்திரியார் சாப்பிடவில்லையா? பயமோ?"

அரசனும் அதில் கொஞ்சம் எடுத்தான். கை வாயருகே போயிற்று.

"பொறுங்கள், அரசே. அது உங்களுடையதல்ல. உங்கள் தந்தையுடையது."

கை அப்படியே நின்றது.

"மூன்று மாதம் முன் நீங்கள் மதிலில் வைத்த கவளம் அது. ஜாடி அதிகாரியுடையது, சீட்டும் அவருடையது. உள்ளே இருந்ததை மட்டும் நான் மாற்றினேன்."

"முன்னோர்க்கு வைத்ததைத் தொட்டீரா?"

"தொட்டேன். மூன்று மாதம் வெயிலில் கிடந்தும் புளிக்கவில்லை, பூசணம் பூக்கவில்லை, ஓர் எறும்பு கிட்டப் போகவில்லை. தொட்டதற்கு என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் அந்தச் சீட்டை அதிகாரி உரக்கப் படிக்கட்டும்."

"இன்று..." வல்லபராயனின் நாக்கு அங்கேயே நின்றுவிட்டது.

"எந்த இன்று, ஐயா?" என்றார் இளநாகர்.

வல்லபராயன் தொண்டையில் விரலை விட்டுக் குமட்டினான். எல்லாம் வெளியே வந்தது. "மலையில் கிடைக்கும் வெள்ளை உப்பு, அரசே. செத்த மானின் தோல் கெடாமலிருக்கத் தடவுவார்கள். ஜாடிக்கு ஒரு சிட்டிகைதான்."

"சீட்டில் ஏன் எழுதவில்லை?" என்றான் அரசன்.

"எழுதினால் யார் தின்பார்கள்?"

வடிவு எழுந்து வெளியே போய், தான் ஆக்கிய ஒரு பிடிச் சோற்றை மதில்மேல் வைத்தாள். நிழல் காலடிக்குள் சுருங்கிக்கொண்டே வந்தது. அது முழுதும் மறையும் முன் ஒற்றைக் காகம் வந்து இறங்கியது. அவளைப் பார்த்தது. கொத்தியது. பிறகு தொண்டை கிழியக் கத்தி மற்றவற்றை அழைத்தது.

அரசன் தன் முழங்கையைத் தடவிப் பார்த்தான். "அப்படியானால், அந்தக் கொசுக்கள்..."

"வீரத்துக்கு அஞ்சவில்லை, அரசே" என்றார் இளநாகர் மெதுவாக.

வல்லபராயன் ஒவ்வொரு ஜாடிக்கும் உண்மையை எழுதிக் கட்டி, சந்தையில் உரக்கப் படித்து, ஊருக்கு வெளியே தன் கையால் புதைத்தான். அங்கே இன்னும் புல் முளைப்பதில்லை. தோண்டினால் அடிசில் அன்று போலவே இருக்கும் என்கிறார்கள். தோண்ட யாருக்கும் துணிவில்லை. உக்கிராணத்துச் சாவி வடிவின் இடுப்புக்கு வந்தது. அரிசி வேகும்வரை அரசன் மடைப்பள்ளி வாசலில் காத்திருந்தான்.

ஏழு மாதம் கழிந்து ஒரு மாலை, சபையில் அரசன் துள்ளி எழுந்தான்.

"கடித்துவிட்டது! இளநாகரே, பாருங்கள், என்னைக் கடித்துவிட்டது!"

சிவந்த தடிப்பை விளக்கருகே நீட்டிக் காட்டி அவன் அழுதான். முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான். கொசு விளக்கைச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்தது. அதை யாரும் அடிக்கவில்லை.