சின்னாண்டி மறந்தது

"எல்லாம் புரிஞ்சுதும்மா. என்ன புரிஞ்சுதுங்கறதுதான் மறந்துபோச்சு."

சொல்லிட்டு சின்னாண்டி அழுதாரு. ஐம்பது வயசு ஆளு. கெணத்துல தூர் வார்றதுதான் பொழப்பு.

சடையம்மா கீரை ஆஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தாங்க. மலை மேல இருக்கற அந்தச் சின்ன மடத்துக்கு அவங்கதான் குரு. சின்னாண்டிய விட பத்து வயசு சின்னவங்க. அதனால அவரை அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க.

"மொதல்லருந்து சொல்லுங்கண்ணே."

"நூறு தடவ சொல்லிட்டேனே!"

"நூத்தியொண்ணு ஆகட்டும்."

சொன்னாரு.

மாசி மாசம். யாரும் எறங்காத பாழுங்கெணறு. உள்ள கெட்ட காத்து இருந்திருக்கு, தெரியல. அடிக்குப் போய் மண்வெட்டிய எடுத்ததுதான் தெரியும், மயங்கி விழுந்துட்டாரு.

அடுத்த நொடி அவரு கெணத்துக்கு மேல! புளியமரத்து உச்சிக்கும் மேல!

கீழ சேத்துல ஒருத்தன் கால் மடங்கிக் கெடக்கான். யார்ரா அவன்னு பாத்தா, இவரேதான்.

"பயமா இல்லையாண்ணே?"

"துளி பயம் இல்லம்மா. பாவம், கால் மடங்கிக் கெடக்கானேன்னு மட்டும் தோணுச்சு."

"அப்புறம்?"

"யாரோ எதையோ எங்கிட்ட குடுத்தாங்க. ரெண்டு கையாலயும் வாங்குனேன். அதப் பாத்ததும் எல்லாம் புரிஞ்சுபோச்சு. எங்கப்பா ஏன் செத்தாரு, நான் ஏன் பொறந்தேன், எல்லாம்! அந்த நேரம் பாத்துத்தான் ஒச்சம்மா என்னைய இழுத்துப் போட்டுட்டா."

"கண்ணு முழிச்சப்ப?"

"கை காலி."

ஒச்சம்மா அவரு சம்சாரம். இவரு உள்ள எறங்குனா மேல நின்னு கயிறு இழுக்கறது அவங்கதான். அவங்க மேல கோவிச்சுக்கிட்டு இவரு மடத்துக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. அவங்க வாரா வாரம் சோத்துத் தூக்கோட மலை ஏறி வருவாங்க. இவரு மூஞ்சியத் திருப்பிக்குவாரு. இன்னைக்கும் வந்து வாசல்ல நின்னாங்க. இன்னைக்கும் திருப்பிக்கிட்டாரு.

"ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் இருந்தாம்மா. அவனும் மேல போய்ட்டு வந்தவன்தான். என்னடா பாத்தன்னா முழிக்கறான். ஏம்மா எல்லாருக்கும் மறந்துபோகுது?"

"புளி போட்டுக் கடையட்டுமா, சும்மா கடையட்டுமா?"

"நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன கேக்கறீங்க!"

சின்னாண்டி கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. இப்ப குரல் ரொம்ப அமைதியா வந்துச்சு.

"எனக்கு அது திரும்ப வேணும்மா. ஒடம்ப விட்டுப் போற வித்தைய சொல்லிக் குடுங்க. இல்லேன்னா நாளைக்கு அதே பாழுங்கெணத்துல எறங்கிருவேன். இந்தத் தடவ கயிறு போட ஆளு இருக்காது."

சடையம்மா கீரைய கீழ வச்சாங்க. அவரு மூஞ்சிய ரொம்ப நேரம் பாத்தாங்க. வெறும் பேச்சு இல்லன்னு தெரிஞ்சுது.

"நாளைக்கு அங்க எறங்கறது இருக்கட்டும். இப்ப மடத்துக் கெணத்துல எறங்குங்க."

"எதுக்கு?"

"தண்ணி வேணும்."

"வாளியப் போட்டா வரப்போகுது."

"வாளித் தண்ணி வேணாம்." பித்தளைத் தவலை ஒண்ண எடுத்து நீட்டுனாங்க. "இதுல மொண்டு, ரெண்டு கையாலயும் புடிச்சுக் கொண்டாங்க. ஒரு சொட்டு சிந்தாம எங்கிட்ட குடுத்தா, அந்த வித்தைய சொல்லித் தர்றேன்."

சின்னாண்டிக்கு உசிரே வந்த மாதிரி இருந்துச்சு. தவலைய முதுகுல கட்டிக்கிட்டு, கயித்தப் புடிச்சு சரசரன்னு எறங்கிட்டாரு. தெனம் தண்ணி எறைக்கற கெணறு, காத்து நல்லாத்தான் இருந்துச்சு. இடுப்பளவு தண்ணி. இவரு கால் ஊணுனதும் கயிறு மேல போயிருச்சு.

தவலைய அவுத்து, முக்கி ரொப்பி, நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிமிந்து பாத்தாரு.

கயிறு எறங்கி வந்து மூஞ்சிக்கு முன்னாடி தொங்குச்சு.

"அம்மா! கயித்த எதால புடிக்கறது?"

"அன்னைக்கு எப்படி வந்தீங்களோ அப்படியே வாங்கண்ணே."

"அன்னைக்கு நானா வந்தேன்? இடுப்புல கட்டித் தூக்கிட்டாங்க!"

"யாரு எறங்கி கட்டுனா?"

தவலைய அணைச்சபடியே சின்னாண்டி யோசிச்சாரு.



அன்னைக்கு ஊரே கெணத்தச் சுத்தி நின்னுச்சு. ஆனா அந்தக் காத்துல எவன் எறங்குவான்? ஒருத்தனும் எறங்கல. அது அவருக்கும் தெரியும். தெரிஞ்சும் இந்த ரெண்டு மாசத்துல ஒரு தடவ கூட அவரு அத யோசிக்கல.

பித்தளை உள்ளங்கைய அழுத்துச்சு. வலிச்சுது. ரெண்டு கையிலயும் அன்னைக்குக் கயிறு அறுத்த காயம், இன்னும் முழுசா ஆறல.

தண்ணி அசையாம நின்னுச்சு. அவரும் அசையல.

மேலருந்து ஒரு குரல். சடையம்மா குரல் இல்ல.

"யோவ் மனுசா! இன்னும் எம்புட்டு நேரம் நான் நிக்கறது? அன்னைக்கும் இப்படித்தான் கயித்தப் புடி, கயித்தப் புடின்னு தொண்ட கிழிய கத்தவிட்ட. புடிய்யா!"

புடிச்சாரு. ரெண்டு கையாலயும்.

தவலை தண்ணியில விழுந்த சத்தம் கெணறு முழுக்க அதிர்ந்துச்சு.

சின்னாண்டிக்குக் கேக்கல.