கட்டிப்போட்ட வைஃபை

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் நான்கு பேர் குடியிருந்தோம். நால்வருக்கும் மண்டியில் மூட்டை தைக்கிற வேலை. எங்கள் மூளையை மொத்தமாகத் தராசில் வைத்தால் தட்டின் எடைதான் காட்டும் என்று முதலாளி சொல்வார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

குடிவந்த அன்றே வீட்டுக்காரர் வாசல் பக்கத்துச் சுவிட்சு ஒன்றைக் காட்டி, "வெளிய போறப்ப இத அமத்திட்டுப் போங்கப்பா" என்றார். மற்ற மூவரும் அதை அன்றைக்கே மறந்துவிட்டார்கள். நான் மொக்கச்சாமி, வயதில் மூத்தவன், சொன்னதைச் செய்கிறவன். வெற்றிலை வாங்கப் போனாலும் அமத்திவிட்டுத்தான் போவேன். உடனே அலமாரியில் இருக்கும் வைஃபை பெட்டியின் பச்சை விளக்குகள் அணையும். நான் கிளம்புவது அதற்கும் தெரிகிறதே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால் பெட்டி மறுபடி கண் சிமிட்டும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்களில் கருத்தபாண்டிக்குப் பெண் அமைந்தது. அவனுக்கு முப்பத்தெட்டு வயது. பத்து இடம் தட்டிப் போய் இது பதினோராவது. பெண் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். மஸ்கட்டில் இருக்கும் அண்ணன்காரர் மட்டும் மாப்பிள்ளையை லேப்டாப்பில் பார்த்துப் பேசிவிட்டுத்தான் முடிவு சொல்வாராம். எங்கள் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடைக்காது. வைஃபையை நம்பித்தான் ஆகவேண்டும்.

முதல் வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்தில் அண்ணன்காரர் லேப்டாப்பில் வந்தார். நல்ல காரியமாயிற்றே என்று நான் அல்வா வாங்கக் கிளம்பினேன், வழக்கம்போல அமத்திவிட்டு. உள்ளே அப்போதுதான் அவர், "மாப்பிள்ள, நீங்க குடிப்பீங்களா?" என்று கேட்டிருக்கிறார். லைன் போய்விட்டது.

கேள்வி கேட்டதும் மாப்பிள்ளை போனை வைத்துவிட்டார் என்று அங்கே பேச்சு. அடுத்த வெள்ளி இன்னொரு முறை பேசுவேன், அதுவும் பாதியில் போனால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார். கருத்தபாண்டி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்த அல்வாவையும் நானே சாப்பிட வேண்டியதாயிற்று.

வைஃபை கம்பெனியின் உதவி எண்ணுக்கு நானே பேசினேன். சிக்னலுக்காகத் தெருக் குழாயடிக்குப் போகவேண்டும். அமத்திவிட்டுத்தான் போனேன்.

"இப்ப நெட் வருதாங்க சார்?" என்றது உதவி எண்ணில் பேசிய பெண்.

நான் ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன். "சுத்தமா இல்லண்ணே" என்று பதில் வந்தது.

"பெட்டிய உயரமா வைங்க. பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல எதுவும் இருக்கக்கூடாது."

உள்ளே வந்து சுவிட்சைப் போட்டேன், நெட் வந்தது. ஆனாலும் ஒருவர் யோசனை சொன்னபின் செய்யாமல் விடுவது மரியாதையில்லையே. கட்டில், அரிசி மூட்டை எல்லாம் வெளியே போயின. நடுவில் ஒன்றுமில்லையா என்று பார்க்க எங்களில் ஒருவனான சின்னக்காளை அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

பெட்டியை உயர்த்துவதில்தான் சிக்கல். ஒயர் எட்டவில்லை.

"பெட்டி மேல போகாட்டி என்ன? லேப்டாப்பக் கீழ எறக்குவோம்" என்றான் அய்யாவு. எங்களில் அவன்தான் எட்டாவது வரை படித்தவன்.

"தரைக்குக் கீழ எப்படிடா எறக்குறது?"

"தரைக்குக் கீழ மண்ணுதானண்ணே இருக்கு."

மறுப்பதற்கு ஒன்றுமில்லை. சாயங்காலத்துக்குள் கூடத்தின் நடுவில் இடுப்பளவு குழி வெட்டி, கருத்தபாண்டியையும் லேப்டாப்பையும் உள்ளே இறக்கினோம். அருமையாக வந்தது. நல்ல சேதியைச் சொல்லக் குழாயடிக்குப் போனேன். நெட் போய்விட்டது.

அந்தப் பெண் பொறுமைசாலி. "எதை மாத்தினா கட் ஆகுதுன்னு ஒண்ணொண்ணா பாத்து எழுதி வைங்க சார்" என்றது.

எதை மாற்றுவது? வீட்டில் மிச்சம் நாங்கள்தான் இருந்தோம். அய்யாவு வெளியே போனான், நெட் இருந்தது. சின்னக்காளை போனான், இருந்தது. நான் அமத்திவிட்டுப் போனேன், இல்லை. மூன்று முறை செய்து பார்த்தோம். மூன்று முறையும் நான் போனால் போனது, வந்தால் வந்தது. அய்யாவு நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டான்.

"அண்ணே, வைஃபை பெட்டிலருந்து வரல. ஒங்க கிட்டருந்துதான் வருது."

ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் என்னால் ஒருத்தருக்கும் பிரயோஜனமில்லை என்று என் மனைவிகூடச் சொல்லிவிட்டுத்தான் தாய் வீட்டுக்குப் போனாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நீங்க வெள்ளிக்கிழம எங்கயும் போகக்கூடாதுண்ணே" என்றான் கருத்தபாண்டி, குழிக்குள்ளிருந்து.

"போகமாட்டேன்டா."

"வெத்தல ஞாபகம் வந்தா போயிருவாரு" என்றான் சின்னக்காளை.

யோசித்துப் பார்த்தேன். போய்விடுவேன்தான். ஆகவே வெள்ளிக்கிழமை காலை என்னை நாற்காலியில் உட்காரவைத்து, மூட்டை கட்டும் சணல் கயிற்றால் கட்டினார்கள். முடிச்சு சரியாக விழவில்லை என்று நானே அவிழ்க்கச் சொல்லி மறுபடி கட்டவைத்தேன்.

அண்ணன்காரர் வந்தார். திரையில் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"மாப்பிள்ள குழிக்குள்ள இருக்கீங்களா?"

"ஆமாங்க. பெட்டி உயரமா இருக்கணும்னாங்க."

"பின்னாடி ஒருத்தரக் கட்டிப்போட்டிருக்கீங்களே?"

"அவரு மொக்கச்சாமி அண்ணன். அவருதாங்க எங்க வைஃபை."

நான் கும்பிட முடியாததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

"போன வாரம் கேட்டதத்தான் திரும்பக் கேக்குறேன். நீங்க குடிப்பீங்களா?"

"சத்தியமா இல்லிங்க."

"இவ்வளவும் குடிக்காமயே பண்ணுனதா?"

"ஆமாங்க, நாலு பேருமே."

அவர் முகம் மலர்ந்தது. "எங்கப்பாவும் குடிக்கமாட்டாரு. நேத்துக் கூரையில இருந்த ஆன்டெனாவ, வைஃபை நனையக்கூடாதுன்னு போர்வையால போத்தி வச்சிருக்காரு. எங்க வீட்டுல இன்னும் வைஃபை வாங்கவே இல்ல. எங்க குடும்பத்துக்கு ஏத்த இடம் மாப்பிள்ள."

ஆவணியில் கல்யாணம் முடிந்தது. தனிக்குடித்தனம் போகும்போது பெட்டி, சுவிட்சுப் பலகை, லேப்டாப் இவற்றோடு என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புது வீட்டிலும் பலகையை வாசல் பக்கமே மாட்டச் சொன்னேன். பழக்கம் விட்டுப்போகக்கூடாது.

கருத்தபாண்டியின் மனைவி பூங்கொடி கவனமான பெண். ஒரு வாரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, ஒரு நாளு அந்தச் சுவிட்ச அமத்தாம விட்டுப் பாருங்களேன்."

பெண்பிள்ளை ஆசையாகக் கேட்கிறது. ஆனால் அமத்தாமல் வெளியே போய் எனக்குப் பழக்கமில்லை. எனவே அமத்தாமல் விட்டு, நாள் பூராவும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வைஃபை ஒருமுறைகூடப் போகவில்லை.

"பாத்தியாம்மா, சுவிட்சு பாவம், அது மேல ஒரு தப்பும் இல்ல. நான் இருந்தா வருது, அவ்வளவுதான்" என்றேன்.

அவள் சுவிட்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு "ஆமாண்ணே, நான்தான் தப்பா நெனச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சணல் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.