எறும்புத்தின்னிக் குட்டி எந்தப் பள்ளிக்குப் போனது?

மலையடிவாரக் காட்டில் ஓர் எறும்புத்தின்னிக் குடும்பம் இருந்தது. கணவன் செதிலன், மனைவி செம்பி, ஒரே மகள் உருளி.

உருளிக்கு வாய் ஓயாது. "அம்மா, எறும்பு ஏன் வரிசையா போகுது? அப்பா, மழைக்கு முன்னாடியே மண் ஏன் மணக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஆனால் யாராவது அதட்டிவிட்டால் போதும். தலையை வயிற்றுக்குள் செருகி, வாலால் மூடி, பந்தாகச் சுருண்டுவிடுவாள். பிறகு அவளாக விரிந்தால்தான் உண்டு.

பள்ளிக்கு அனுப்பும் வயது வந்தது. காட்டில் இரண்டு பள்ளிகள். குளக்கரைப் பள்ளியில் கட்டணம் இல்லை. அங்கே ஓர் ஆள்காட்டிக் குருவி நாற்பது குட்டிகளைத் தனியாளாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். மலைமேல் பள்ளியை இருவாட்சிப் பறவை வாத்தியார் நடத்தினார். எறும்புத்தின்னிக்கு அங்கே கட்டணம், மாதம் மூன்று வளை. தோண்டித் தர வேண்டும். வாத்தியார் அவற்றை நரிக்கும் கீரிக்கும் வாடகைக்கு விடுவார்.

பக்கத்து வளை முள்ளம்பன்றிக்காரி சொன்னாள்: "எங்க பையன் முப்பது மலைப்பேரையும் மூச்சு விடாம சொல்றான்! செலவைப் பார்த்தா பிள்ளை முன்னுக்கு வருமா?"

"நம்ம பொண்ணையும் மலைமேலதான் சேர்க்கணும்!" என்றான் செதிலன்.

"மூணு வளைன்னா மாசம் பூரா தோண்டணுமேங்க! நீங்க எப்போ வீட்டுல இருப்பீங்க?"

"எனக்குப் படிப்பு இல்லை, செம்பி. மண்ணோடயே காலம் போச்சு. இவளாவது உயரத்துல உட்காரட்டும்!"

உருளி மலைமேல் பள்ளியில் சேர்ந்தாள். மகள் எழும் முன்பே செதிலன் தோண்டக் கிளம்பினான். அவள் தூங்கிய பிறகுதான் திரும்பினான். மூன்று மாதத்தில் அவன் நகங்கள் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. புற்றைக் கிளறிச் சாப்பிடக்கூட முடியவில்லை. செம்பிதான் உடைத்துக் கொடுத்தாள். ஆனாலும் அவன் மனம் நிறைந்திருந்தது. "முப்பது மலையும் மனப்பாடமாம், வாத்தியாரே சொன்னாரு!" என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னான்.

ஒருநாள் மாலை செம்பி மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தாள். வழியில் ஒரு பெரிய எறும்பு வரிசை. உருளி அதைத் தாண்டிப் பேசாமல் நடந்தாள்.

செம்பிக்குத் திக்கென்றது. "இன்னைக்கு என்ன படிச்சே, கண்ணு?"

"மலைப்பேர்."

"நீ வாத்தியாரை என்ன கேட்டே?"

அவ்வளவுதான். உருளி சுருண்டுவிட்டாள்.

அந்தப் பள்ளிக்குள் என்னதான் நடக்கிறது? மறுநாள் காலை செம்பி மலை ஏறினாள். வாசலில் ஒரு கருங்குரங்கு மறித்தது.

"மாசத்துல ஒரு நாள்தான் பெத்தவங்க வரலாம்! போம்மா!"

செம்பி திரும்பி நடந்தாள். பாறை மறைவுக்குப் போனதும் நின்றாள். வாசல் மூடியிருந்தால் என்ன? மண் திறந்துதானே இருக்கிறது! விறுவிறுவென்று தோண்டி, வகுப்புக்கு நேர் கீழே போய்க் காதை வைத்தாள்.

மேலே குட்டிகள் மலைப்பேர் சொன்னார்கள். முள்ளம்பன்றிப் பையனின் குரல்தான் ஓங்கிக் கேட்டது. வாத்தியார் குறுக்குக் கேள்வி போட்டார். அவன் பட்டுப் பட்டென்று பதில் சொன்னான், சிரிக்கவும் செய்தான். 'நல்லாத்தானே சொல்லிக் கொடுக்கறாரு!' என்று செம்பி நினைத்தாள். மகளின் குரலுக்காகக் காத்திருந்தாள். வெயில் உச்சிக்கு வந்தது. அந்தக் குரல் மட்டும் வரவே இல்லை.

திடீரென்று ஒரு மான்குட்டி சொன்னது: "ஐயா, உருளி இன்னைக்கும் சுருண்டுட்டா!"

"சுருண்டா என்ன? உள்ளே இருந்தே மனப்பாடம் பண்ணிடறா!" என்றார் வாத்தியார். "இன்னைக்கு யானைத் தலைவர் பள்ளியைப் பார்க்க வர்றார். அவளை உருட்டி முதல் வரிசையில வை. செதில் பளபளன்னு அழகா இருக்கும்!"

அடுத்த நொடி வகுப்பின் தரை பிளந்தது. செம்பியின் தலை வெளியே வந்தது. குட்டிகள் அலறின.

"என் பொண்ணு எத்தனை நாளா இப்படி இருக்கா, வாத்தியாரே?"

"சேர்ந்த நாள்ல இருந்தே! முதல் நாள் என்னவோ கேள்வி கேட்டா. 'பாடத்துல இல்லாததைக் கேட்காதே'ன்னு ஒரு அதட்டல் போட்டேன். அப்புறம் தொல்லையே இல்லை. ரொம்ப நல்ல குட்டி!"

செம்பி பந்தை அணைத்துத் தூக்கிக்கொண்டாள்.

"நிறுத்தும்மா! தோண்டின ஒன்பது வளையையும் திருப்பித் தரமாட்டேன்!"

"வளையை நீங்களே வெச்சுக்குங்க! குட்டியை நான் கூட்டிட்டுப் போறேன்."

செதிலன் அப்போது பத்தாவது வளையில் இருந்தான். செம்பி நடந்ததைச் சொன்னாள். அவன் பந்தின் மேல் காதை வைத்தான். "உருளி, அப்பா வந்திருக்கேன்!" என்றான். பந்து விரியவில்லை. வளையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான்.

முள்ளம்பன்றிக்காரி ஓடி வந்தாள். "அப்போ எங்க பையனையும் நிறுத்திடவா?"

"எதுக்கு? அவன் சந்தோஷமா படிக்கறான். என் காதாலயே கேட்டேன். அவனுக்கு அந்த இடம் ஒத்துப்போச்சு, இவளுக்கு ஒத்துக்கலை."

இந்த முறை செம்பி அவசரப்படவில்லை. குளக்கரைப் பள்ளிக்கு அடியிலும் தோண்டிப் படுத்து மூன்று நாள் கேட்டாள். ஒரே கூச்சல். வாத்துக் குஞ்சுகள் சண்டை போட்டன. ஒருநாள் டீச்சர் வரவே இல்லை. ஆனால் மூன்றாம் நாள் ஒரு தவளைக்குட்டி எழுந்து, "டீச்சர், குளம் வத்தினா மீன் எங்கே போகும்?" என்றது.

"எனக்கும் தெரியலையே! நாரைகிட்ட கேட்கலாம், வாங்க!" என்றாள் ஆள்காட்டி. நாற்பது குட்டிகளும் தடதடவென்று ஓடின.

உருளி அங்கே சேர்ந்தாள். முதல் வாரம் அங்கேயும் பந்தாகவே கிடந்தாள். மாலையில் செதிலன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"இதுவும் தப்போ, செம்பி?"

"தெரியலைங்க. பார்ப்போம்."

பதினோராம் நாள் ஆள்காட்டி வளைவாசலில் வந்து இறங்கினாள். மூச்சு வாங்கியது. கோபத்தில் இறகு சிலிர்த்திருந்தது.

"உங்க பொண்ணை வெச்சுக்கிட்டு என்னால ஆகலை! காலையில இருந்து வாய் மூடலை! 'ஏன் டீச்சர், எதுக்கு டீச்சர்'னு உயிரை எடுக்கறா! நாற்பது பேர் இருக்கற வகுப்பு இது! கொஞ்சம் கண்டிச்சு வையுங்க!"

செம்பியும் செதிலனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செதிலனுக்குக் கண் கலங்கியது.

"மன்னிச்சுக்குங்க, டீச்சர்!" என்றான். "அதை மட்டும் எங்களால செய்ய முடியாது!"

கட்டணத்தை வைத்துப் பள்ளியை எடை போடாமல், அங்கே நம் பிள்ளையின் குரல் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்க்க வேண்டும்.