உடும்பு சொன்ன ‘செல்லாது’

ஒரு காட்டில், கொளுத்தும் கோடையில், விலங்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு குளம் வெட்டின. எருமைகள் கொம்பால் மண்ணைப் பெயர்த்தன. முள்ளம்பன்றிகள் நகத்தால் தோண்டின. நரி மட்டும் நிழலில் உட்கார்ந்து, “அங்கே இன்னும் கொஞ்சம் ஆழமாக!” என்று சொல்லிக்கொண்டிருந்தது. எந்த வேலையிலும் இப்படி ஒருவர் இருப்பார், பிள்ளைகளே.

தண்ணீர் ஊறியதும், கரையின் ஈரக் களிமண்ணில் ஒவ்வொரு இனமும் ஒரு காலடி பதித்தது. இதற்கு மட்டும் நரி முதல் ஆளாக ஓடி வந்தது. “இங்கே காலடி பதித்த யாரும் தாகத்தோடு திரும்பக் கூடாது.” இதுதான் ஒப்பந்தம். வெயிலில் அந்தக் களிமண் கல்லாக இறுகிப்போனது.

அந்த ஒப்பந்தத்தைக் காக்கவும் வழக்குக் கேட்கவும் உடும்பை நியமித்தார்கள். பிடித்ததை விடாது அல்லவா? மற்ற விதிகளைப் பௌர்ணமிதோறும் கூட்டம் போட்டு முடிவு செய்துகொள்ளலாம் என்றார்கள்.

முதல் கூட்டத்திலேயே, “காலையில் எருமைகள் குடித்த பிறகுதான் மற்றவர்கள்” என்று விதி வந்தது. காட்டில் எருமைகள்தான் அதிகம். அவை சொன்னதுதான் ஜெயிக்கும். குடித்துவிட்டுப் பேசாமல் போகுமா? உள்ளே இறங்கிப் புரண்டு எழும். மிச்சம் இருப்பது சேறுதான்.

முள்ளம்பன்றிக்கு மூன்று குட்டிகள். அந்தத் தண்ணீரைக் குடித்த மூன்றும் முகத்தைச் சுளித்தன. தாய்க்கு வந்ததே கோபம்! நேரே உடும்பிடம் போனது.

“உடும்பாரே, இதெல்லாம் ஒரு விதியா?”

“மட்டமான விதி” என்றது உடும்பு.

“அப்படியென்றால் ரத்து செய்யுங்கள்!”

“உன்னைக் குடிக்க விடவில்லையா?”

“விட்டார்கள். சேற்றைக் குடிக்க விட்டார்கள்.”

“நானும் அதைத்தான் குடிக்கிறேன். வாயெல்லாம் மண். ஆனால் தாகம் தீருகிறதா இல்லையா?”

“தீருகிறது...” என்று இழுத்தது முள்ளம்பன்றி.

“அப்படியானால் ஒப்பந்தம் உடையவில்லை. மட்டமான விதியை மாற்றுவது கூட்டத்தின் வேலை. அங்கே போய்க் கேள்.”

“அங்கே போய் என்ன பிரயோஜனம்? எல்லாம் எருமைகள்! நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள்?”

உடும்பு குட்டிகளைப் பார்த்தது. அதற்கும் மனசு கேட்கவில்லை. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை.

“சரியான கல்லுளிமங்கன்!” என்று முட்களைச் சிலிர்த்துக்கொண்டு போனது முள்ளம்பன்றி. கூட்டத்துக்கும் போகவில்லை.

சில நாள் கழித்து, குளத்து நெரிசலில் ஓர் எருமைக் கன்று முள்ளம்பன்றியை மிதித்துவிட்டது. காலில் முள் ஏறியது. உடனே நரி எருமைத் தலைவனின் காதருகே வந்தது.

“இன்றைக்குக் கால், தலைவரே. நாளைக்குக் கண் போகும். யோசித்துக்கொள்ளுங்கள்.”

அடுத்த கூட்டத்தில், “முள்ளம்பன்றிகள் இனி குளத்துப் பக்கமே வரக் கூடாது” என்று விதி வந்தது.

சேறும் போயிற்று. கடைசிக் குட்டியால் தலையைத் தூக்க முடியவில்லை. தாய் மறுபடியும் உடும்பிடம் வந்தது.

“அன்றைக்குத் திட்டியதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், உடும்பாரே. குட்டி செத்துப்போகும்.”

உடும்பு எழுந்தது. கரைக்குப் போய், முள்ளம்பன்றியின் காலடித் தடத்தின் அருகே நின்றது. காடே கேட்கும்படி ஒரே சொல் சொன்னது: “செல்லாது!”

எருமைத் தலைவன் மூச்சிரைக்க ஓடி வந்தது. “கூட்டமே முடிவு செய்ததை, செல்லாது என்று சொல்ல நீ யார்?”

“கூட்டம் எதை வேண்டுமானாலும் முடிவு செய்யட்டும். இந்தத் தடங்களை அழிக்க முடியாது. அதோ உங்கள் குளம்பு. பக்கத்திலேயே முள்ளம்பன்றியின் கால்.”

“தலைவரே, தனக்குப் பிடிக்காத விதியைத் தள்ளுகிறது, அவ்வளவுதான்” என்றது நரி. “வெறும் களிமண். மிதித்து உடையுங்கள்!”

எருமை காலைத் தூக்கியது. உடும்பு நகரவில்லை.

தூக்கிய கால் அப்படியே நின்றது.

“டேய் நரி, அதன் வாயைப் பார்” என்றது எருமை. “நாங்கள் கலக்கிய சேறு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிடிக்காததைத் தள்ளுகிற ஆள் என்றால், ‘எருமைகள் முதலில்’ என்ற விதியை என்றைக்கோ தள்ளியிருக்கும். அப்போதெல்லாம் சும்மா இருந்தது இன்றைக்குச் செல்லாது என்கிறதே! தப்பு எங்கள் பக்கம்தான்.”

காலைப் பின்னால் எடுத்து வைத்து வழிவிட்டது. நரியை அதற்குப் பிறகு அங்கே காணோம்.

குட்டி வயிறு முட்டக் குடித்தது. சேறுதான், ஆனாலும் கண் திறந்தது. தாய்க்குத் தைரியம் வந்துவிட்டது.

“உடும்பாரே, கையோடு இந்தச் சேற்றுக்கும் ஒரு வழி...”

“கூட்டத்தில் போய்க் கேள்.”

“அதானே பார்த்தேன்!” என்ற முள்ளம்பன்றி, எருமையிடம் திரும்பியது. “ஏன் அண்ணே, குடிப்பதை முதலில் குடியுங்கள். புரள்வதை மட்டும் எல்லோரும் குடித்த பிறகு வைத்துக்கொண்டால் என்ன?”

எருமை அசை போட்டபடி யோசித்தது.

“வைத்துக்கொள்ளலாமே. பௌர்ணமிக்கு வந்து சொல்லு. இத்தனை நாள் இதை எங்களிடம் யாரும் கேட்கவே இல்லையே!”

நீதி: தனக்குப் பிடிக்காத விதியையெல்லாம் தள்ளாத நீதிபதி, தள்ளியே ஆக வேண்டியதைத் தள்ளும்போது காடே கட்டுப்படும்.