அத்திப்பழத்தில் தீட்டிய இருவாச்சி

மேகம் வந்து உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போகும் ஒரு காட்டில், உயரமான ஒரு நாங்கு மரம் இருந்தது. அந்த மரத்துப் பொந்துக்குள் ஒரு பெண் இருவாச்சி தன்னைத்தானே வைத்துப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பூட்டிக்கொண்டு என்றால் நிஜமாகவே பூட்டிக்கொண்டுதான், குழந்தைகளே. இருவாச்சிகளின் வழக்கம் அது. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய், வாசலைச் சேறும் எச்சமும் வைத்துப் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டுவைக்கும். உள்ளே போனபின் அதன் சிறகு, வால் இறகுகளும் உதிர்ந்துவிடும். பிறகு ஆண் பறவை வெளியிலிருந்து கொண்டுவந்து ஊட்டும் பழம்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. அது வராத நாள் பட்டினி நாள்.

குஞ்சு பொரித்துக் கொஞ்ச நாள் ஆகியிருந்தபோது, மரத்தடிப் பாறையில் விலங்குகள் எல்லாம் கூடின. பெண் இருவாச்சி கீற்று வழியே பார்த்துக்கொண்டிருந்தது. மயில்தான் தலைமை. இரண்டு பேர் சேர்ந்து நின்றால் அங்கே பேசாமல் போகாது மயில்.

முன்பெல்லாம் இருவாச்சிகள் பறந்தால், அந்தச் சிறகுச் சத்தத்தைக் கேட்டுக் குட்டிகள் மழை வருகிறதென்று குகைக்குள் ஓடுமாம். இப்போது இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம் என்றது மயில். இது நம் எல்லோருக்கும் அவமானம் என்றும் சொன்னது. கரடி அப்போதே அழ ஆரம்பித்துவிட்டது. அழுவதற்குக் கரடிக்கு ஒரு காரணம் போதும். சில சமயம் அதுவும் தேவைப்படாது.

என்ன செய்யலாம் என்று பேச்சு எழுந்தது. அத்திக்காயைப் பழுக்க விடாமல் நாமே பறித்துத் தின்பதை நிறுத்திப் பார்க்கலாமே என்றது முள்ளம்பன்றி. அது விளையாட்டுக்குச் சொல்கிறது என்று நினைத்து எல்லாம் சிரித்தன.

அப்போது கருமந்தி எழுந்தது. கரித்துண்டு கிடைத்தால் எதன்மேலும் கோடு இழுத்துப் பார்க்கும் மந்தி அது.

"படம் வரையலாம். இந்தப் பாறையில், யானை அளவுக்கு ஓர் இருவாச்சி. பார்க்கிறவர்கள் மனசு அப்படியே கரைந்துவிட வேண்டும்."

காடே ஆமோதித்தது. உள்ளது உள்ளபடி சொன்னால், பொந்துக்குள் இருந்த பெண் இருவாச்சிக்கும் அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஆண் இருவாச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கீற்றுக்கு அருகில் வந்து உட்கார்ந்தது.

"நாளையிலிருந்து என்னைப் பார்த்துத்தான் வரையப் போகிறார்கள்."

"நல்லது. பழம் எங்கே?"

"சொல்வதைக் கேளேன். யானை அளவுக்கு வரையப் போகிறார்கள்."

"வரையட்டுங்க. குஞ்சு என் அலகையே பார்த்துக்கொண்டிருக்கிறது."

மறுநாளிலிருந்து ஆண் இருவாச்சி ஒரு பட்ட மரக்கட்டைமேல் நின்றது. அசையக் கூடாது என்று கருமந்தி சொல்லியிருந்தது. அலகின் நுனியில் ஓர் அத்திப்பழத்தைக் கவ்விக்கொண்டு நின்றால் அழகாக இருக்கும் என்றும், விழுங்கிவிடக் கூடாது என்றும் சொல்லியிருந்தது. காலையிலிருந்து வெளிச்சம் மங்கும்வரை இருவாச்சி அப்படியே நின்றது. பெண் இருவாச்சிக்குக் கீற்று வழியே அந்தப் பழம் நன்றாகவே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

பொழுது சாய்ந்ததும், அந்தப் பழத்தையாவது கொண்டுபோய் ஊட்டலாம் என்று ஆண் இருவாச்சி சிறகை விரித்தது. கருமந்தி அதைத் தடுத்துப் பழத்தை வாங்கிக்கொண்டது. படத்தில் கண்ணுக்குச் சிவப்பு வேண்டுமாம்.

கண்ணோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பின்னணி முழுக்கச் செக்கச் செவேலென்று அந்தி வானம் இருந்தால்தான் ஓர் இனம் அழிகிற சோகம் எடுப்பாகத் தெரியும் என்று கருமந்திக்குத் தோன்றிவிட்டது. அந்தப் பருவத்தில் பள்ளத்தாக்கில் பழுத்திருந்ததோ ஒரே ஓர் அத்தி மரம். அதை உலுக்கோ உலுக்கென்று உலுக்கி, பழங்களை நசுக்கிப் பிசினோடு குழைத்துப் பாறையில் கை கனத்துக்கு அப்பினார்கள். ஒரு பழத்தைக்கூட யாருக்கும் பங்கு கொடுத்தறியாத கரடி, மடி நிறையக் கொண்டுவந்து கொட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனது.

இருவாச்சி தின்பதற்குக் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டாமா என்று முள்ளம்பன்றி கேட்டது.

"இருவாச்சிக்காகத்தானே இவ்வளவும்" என்றது மயில்.

அன்று இரை தேடப் பொழுதில்லாமல், வழியில் கிடைத்த ஒரு காய்ந்த பழத்தோடு ஆண் இருவாச்சி மரத்துக்கு வந்தது. அதை வாங்கிக் குஞ்சின் வாயில் வைத்தபிறகுதான் பெண் இருவாச்சி பேசியது.

"நாளைக்கும் நிற்கப் போறீங்களா?"

"இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள். படம் முடிந்துவிட்டால் நம்மைக் காப்பாற்றிவிடுவார்கள். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதுதான் எனக்குச் சரியாக வரமாட்டேன் என்கிறது."

"உள்ளே வந்து ஒருநாள் இருங்க. தானாக வரும்."

ஆண் இருவாச்சி அலகைக் கிளையில் தேய்த்துக்கொண்டது. பாவம், அதற்கு அலகெல்லாம் வலி.

படத்தைத் திறந்துவைக்கும் நாள் வந்தது. பாறையைத் தேக்கிலைகளால் மூடி வைத்திருந்தார்கள். காடே திரண்டிருந்தது. அன்று காலை பொந்துக்குள் ஒன்று நடந்தது. பசித்துக் கத்திக்கொண்டே இருந்த குஞ்சு கத்துவதை நிறுத்திவிட்டது. குஞ்சு கத்தினால் தாய்க்குப் பயமில்லை, சும்மா இருந்தால்தான் பயம். பெண் இருவாச்சி தான் பூசிய சுவரைத் தானே கொத்தி உடைத்தது. சிறகில்லாத உடம்போடு கிளைக்குக் கிளை தத்தி, கொடியைப் பிடித்துச் சறுக்கி, கீழே இறங்கியது.

அதற்குள் இலைகளை விலக்கிவிட்டார்கள். அந்தி வானத்தின் நடுவே, செக்கச் சிவந்த கண்ணும் விரிந்த சிறகுமாக யானை அளவு இருவாச்சி. கூட்டம் பெருமூச்சு விட்டது. படத்துக்குப் பக்கத்தில், கட்டைமேல், பழத்தைக் கவ்விக்கொண்டு ஆண் இருவாச்சி அசையாமல் நின்றது.

மொட்டை வாலும் சேறு அப்பிய உடம்புமாகக் கூட்டத்துக்குள் நுழைந்த பெண் இருவாச்சியைக் கரடி மறித்தது.

"ஓரமாகப் போம்மா. நாங்களே துக்கத்தில் இருக்கிறோம்."

"யாருக்காக?"

"இருவாச்சிக்காக."

"நான்தான் இருவாச்சி."

கருமந்தி இறங்கி வந்து அதை மேலும் கீழும் பார்த்தது. பெண் இருவாச்சிகளுக்குக் கண் வெள்ளையாகத்தான் இருக்கும். கருமந்தி வரைந்ததோ ஆணை மட்டும்.

"இருவாச்சி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இத்தனை நாளாக வரைந்திருக்கிறேன். உனக்குக் கண்ணும் சிவப்பில்லை, இறக்கையும் இல்லை."

பெண் இருவாச்சி பாறையிடம் போய், அந்தி வானத்தில் ஒரு மூலையைக் கொத்தி எடுத்து அலகில் அடக்கிக்கொண்டது. அத்திப்பழம் அத்திப்பழமாகத்தான் இருந்தது.

"பிடியுங்கள், இருவாச்சியை அழிக்கிறது" என்றது மயில்.

கரடி அதன் முதுகில் ஓர் அறை விட்டது. கூட்டம் நெற்றுகளையும் கல்லையும் எறிந்தது. அடிவாங்கி உருண்ட பெண் இருவாச்சி, கட்டைமேல் நின்ற துணையை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது:

"குஞ்சு கத்துவதை நிறுத்திவிட்டதுங்க."

அவ்வளவுதான். ஆண் இருவாச்சி சிறகை விரித்து எழும்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு, மழை வருகிறதென்று குட்டிகள் குகைக்குள் ஓடின. அது நேரே போய்ப் படத்தில் இருந்த தன்னுடைய சிவந்த கண்ணைத்தான் முதலில் கொத்தியது. அப்புறம் கழுத்தைச் சுற்றியிருந்த வானத்தை.

மயிலுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"உனக்கு வெட்கமாக இல்லையா? உன் இனத்தின்மேல் எங்களுக்கு இருக்கும் அக்கறைகூட உனக்கு இல்லையே."

ஆண் இருவாச்சிக்கோ வாய் நிறையப் பழம். கல் விழுந்துகொண்டிருக்கும்போதே அது பொந்துக்குப் பறந்தது. பெண் இருவாச்சி தவழ்ந்து தவழ்ந்து மரம் ஏறி வந்து சேர்ந்தபோது, குஞ்சு அந்தி வானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்தது. தின்று முடித்ததும் இன்னும் வேண்டும் என்று கத்தியது. அப்போதுதான் தாய்க்கு உயிர் வந்தது.

அன்று முதல் ஆண் இருவாச்சி எந்தக் கட்டைமேலும் நிற்கவில்லை. மலைக்கு அப்பால் போய்ப் பழம் சுமந்து வந்தது. தாய்க்குச் சிறகு முளைத்து, குஞ்சுக்கும் பறக்கத் தெரிந்தபின், ஒருநாள் காலையில் மூன்றும் மலையைத் தாண்டிப் போய்விட்டன. போனதை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் பாறையடியில், அத்தி மரத்தின் அடுத்த காய்ப்பை நசுக்கிப் படத்தைச் செப்பனிடுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

பாறையைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காவலுக்குக் கரடி. தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து வயிறார அழும்.

நெடுநாள் கழித்து அந்தப் பக்கம் வந்த முள்ளம்பன்றி, நாங்கு மரத்தின் வெறும் பொந்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டது:

"இருவாச்சியைக் காணோமே?"

கண்ணுக்குச் சிவப்புத் தீட்டிக்கொண்டிருந்த கருமந்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்குப் பார்வை கெட்டுவிட்டதா? எதிரே இவ்வளவு பெரிதாக இருக்கிறதே."

நீதி: ஓர் உயிரின் பசியை ஆற்றாமல் அதன் படத்தைப் போற்றுவது, அந்த உயிரைக் காப்பது ஆகாது.