பாழுங்கெணத்துக் காவக்காரி

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாராம். அந்த ராசாவுக்கு ஜெயிலுன்னு தனியா ஒண்ணும் கெடையாது. ஊருக்கு வெளிய தண்ணி வத்திப்போன பெரிய கெணறு ஒண்ணு கெடந்துச்சு, திருடுனவன், வெட்டுனவன், பொய் சொன்னவன் எல்லாரையும் கயித்துல எறக்கி அதுக்குள்ள விட்டுருவாக. படி கெடையாது. வெயில் உச்சிக்கு வந்தாத்தான் உள்ள வெளிச்சம்.

அந்தக் கெணத்துக்குக் காவக்காரன் மாசாணம். கையில எந்நேரமும் அடிக்கிறதுக்குப் புளியம்விளாறு. உள்ள எறங்குனவனுக்கு அதோட பேரும் போயிரும். ஆட்டத் திருடுனவன் ஆட்டுக்கள்ளன், நெல்லத் திருடுனவன் நெல்லுக்கள்ளன், கத்திய எடுத்தவன் கத்திக்காரன், அம்புட்டுத்தான். தப்பு செஞ்சா அடி விழும். நல்லது செஞ்சா? யாரு பாத்தா!

தண்டன முடிஞ்சு வெளிய போனவனெல்லாம் திரும்பத் திரும்ப உள்ள வந்தான். ராசா கேட்டாரு, "ஏம்ப்பா மாசாணம், பழைய மூஞ்சியாவே வருதே?" "அடி பத்தல மகாராசா"ன்னான். அடி கூடுச்சு. மறுபடியும் வந்தாக. மறுபடியும் கேட்டாரு. "அடி பத்தல மகாராசா." அப்புறம் அடி தாங்காம ஒருத்தன் செத்தே போனான். அப்பவும் கேட்டாரு, அப்பவும், "அடி பத்தல மகாராசா." செத்தவனுக்கு அடி எங்கிட்டுப் பத்தும், சொல்லுங்க?

அப்புறம் என்னாச்சு, மாசாணம் மரத்துலருந்து விழுந்து கால ஒடிச்சுக்கிட்டுப் படுத்துட்டான். கெணத்துக்குக் கஞ்சி எறக்க அவன் பொண்டாட்டி ஒச்சம்மா போனா. போனவ கெணத்த எட்டிப் பாத்து, "உம் பேரென்னய்யா?"ன்னு கேட்டா. "ஆட்டுக்கள்ளன்"னான் ஒருத்தன். "அது நீ செஞ்சது. ஒங்கம்மா வச்ச பேரென்ன?" அவன் ரொம்ப நேரம் யோசிச்சு, "கொம்பையா"ன்னான். சொல்லிட்டு அழுதான்.

அன்னையிலருந்து ஒச்சம்மா ஒரு மொறை வச்சா. மத்தியானக் கஞ்சி எறக்கும்போது, உச்சி வெளிச்சத்துல உள்ள நடக்குறத எட்டிப் பாத்து வச்சுக்குவா. சாயங்காலம் கஞ்சி எறக்கும்போது ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்புட்டு, அன்னைக்கு அவன் செஞ்ச நல்லத ஊருக்கே கேக்குற மாதிரிச் சொல்லுவா. "கொம்பையா, நீ குடிக்கிறதுக்கு முந்தி ஒங்கூட உள்ள கெடக்குற கெழவனுக்குக் கஞ்சி ஊத்துன, பாத்தேன்." அப்படிப் பேர் வாங்குனவன மேல ஏத்தி, பொழுது அடையுற வரைக்கும் கெணத்து மேட்டுல ஒக்கார வைப்பா. ரோட்டப் பாக்கலாம், ஆடு மாடு பாக்கலாம், காத்து வாங்கலாம். கொம்பையாவுக்கு மக ஒருத்தி, செவந்தின்னு பேரு. அவ ரோட்டுல வந்து நின்னு அப்பனப் பாத்துக் கையாட்டுவா. ஆடி மாசம் கோயில் கொடைக்கு அப்பனுக்கு விடுதலை, அதுக்காகக் காத்துக் கெடந்தா பிள்ள.

என்ன, மேல ஏறணும்னு பொய்யா நடிக்க மாட்டானான்னு கேக்குறீகளா? நடிச்சான். கத்திக்காரன் இருக்கானே, அவன் பேரு சுடலமுத்து, அவன் மேட்டுக்கு ஆசப்பட்டு வேணும்னே கெழவனுக்குக் கால் அமுக்குனான். பொய்தான். ஆனா கெழவன் காலு வலி கொறஞ்சது பொய்யில்லையே! பொய்யா அமுக்கி அமுக்கி, அப்புறம் அவன் கூப்புடாமலே அமுக்க ஆரம்பிச்சுட்டான்.

கெணத்துல சண்டை நின்னுச்சு. வெளிய போனவன் திரும்பி வரல. ராசா வந்து பாத்துட்டு, "மாசாணம், கெணறு இனிமே ஒம் பொண்டாட்டி பொறுப்பு"ன்னுட்டாரு. கம்ப ஊண்டி நின்னுக்கிட்டிருந்த மாசாணத்துக்கு வயிறு எரிஞ்சுச்சு. தான் இத்தன காலம் அடிச்சது வீணுன்னு ஆயிருமே, அதான் அவனுக்குப் பொறுக்கல.

ஒருநா பொழுது சாயுற நேரம், ஒச்சம்மா கஞ்சிப்பானைய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போனதும், டொக்கு டொக்குன்னு மாசாணம் கம்ப ஊண்டி வந்து, கயித்த மேல கட்டிக் கெணத்துக்குள்ள போட்டுட்டு, ஈட்டியோட மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டான். பாவி.

உள்ள சுடலமுத்து, "வாங்கடா ஓடிருவோம்"னான். கொம்பையா, "நாம ஓடுனா ஒச்சம்மா ஆத்தா கழுத்துதான்யா போகும். கயிறு கெடக்குறத யாராச்சும் பாத்தாலும் அவளத்தான் பிடிப்பாக. நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன்"னுட்டு ஏறுனான். ஏறி, கயித்த மேல இழுத்து, அவுத்து, சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு ஒச்சம்மா வீட்டப் பாத்து நடந்தான். நாலு எட்டு வைக்கல, முதுகுல ஈட்டி எறங்கிருச்சு. ஆத்தான்னு ஒரு சத்தம், அதோட சரி.

"பாத்தீகளா மகாராசா, கள்ளனக் கொஞ்சுனா இப்படித்தான், ஓடுறான்!"னு மாசாணம் கூவுனான். ராசா வந்தாரு. ஒச்சம்மா அழுகைய அடக்கிக்கிட்டு, "அவன் தோளப் பாருங்க மகாராசா. மொகம் எந்தப் பக்கம் கெடக்குன்னு பாருங்க. ஓடுறவன் கயித்தச் சுருட்டிக்கிட்டுக் காவக்காரி வீட்டுக்கா ஓடுவான்?"னு கேட்டா. கெணத்துக்குள்ளருந்து சுடலமுத்து கத்துனான், "கயிறு விழறதுக்கு முந்தி டொக்கு டொக்குன்னு கம்புச் சத்தம் கேட்டுச்சு சாமீ!"

ராசா மொகம் செத்துப்போச்சு. "இவனக் கெணத்துல எறக்குங்க, இவன் விளாற உள்ள இருக்குறவுக கையில குடுங்க, அடிக்கட்டும்"ன்னாரு. மூணு தடவ 'அடி பத்தல'ன்னு கேட்டுத் தலையாட்டுன ராசாவ மட்டும் யாரு கெணத்துல எறக்குறது? அது கெடக்கட்டும். ஒச்சம்மா, "விளாறு வேண்டாம். எல்லாருக்கும் உள்ள மொறைதான் இவருக்கும்"னா.

அந்தக் காலத்துல புருசன் பேர வாயால சொல்ல மாட்டாக. மறுநா சாயங்காலம் ஒச்சம்மா கெணத்து மேட்டுல நின்னு, "மாசாணம்!"னு கூப்புட்டா. கெணத்துல இருந்தவுகல்லாம் அண்ணாந்து பாத்தாக. "இன்னைக்கு ஒண்ணுமில்ல"ன்னா. அவன் சிரிச்சான். அடுத்த நாளும், "மாசாணம், ஒண்ணுமில்ல." அவன் கெட்ட வார்த்தையில வஞ்சான். அதுக்கடுத்த நாளும், "மாசாணம், ஒண்ணுமில்ல." அவன் சொவத்துல தலைய முட்டிக்கிட்டு, "என்ன அடிச்சுக் கொல்லுடி, ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லாத"ன்னு அழுதான்.

அப்படியே மழ போயி வெயில் வந்து, ஆடிக் கொடையும் வந்துருச்சு. அன்னைக்குக் கெழவன் இருமி இருமிச் சாயப் போனான், மாசாணம் எந்திரிச்சுப் போயித் தாங்கித் தண்ணி குடுத்தான். யாரும் பாக்கலன்னு நெனச்சுத்தான் குடுத்தான். சாயங்காலம் சுடலமுத்து மேல பாத்து, "ஆத்தா, மாசாணம் இன்னைக்கு ஒண்ணு செஞ்சான், நான் பாத்தேன்"னான். கொம்பையாவக் கொன்னவனுக்காக அவந்தான் சொன்னான்.

மொறைனா மொறைதான? ஒச்சம்மா அவன மேல ஏத்தி மேட்டுல ஒக்கார வச்சா. காத்து வந்துச்சு. அவன் ரோட்டப் பாத்தான். ரோட்டோரத்துல கொம்பையாவப் பொதச்ச மண்ணு மேடு, அதுக்குப் பக்கத்துல செவந்தி, கொடைக்கு அப்பன் வந்தா உடுத்தணும்னு வாங்கி வச்ச வேட்டிய மண்ணு மேல விரிச்சுக்கிட்டு இருந்தா. விரிச்சு, ஓரத்த நீவி விட்டு, அங்கயே ஒக்காந்தா.

மாசாணம் மொகத்த மூடிக்கிட்டு, "என்னக் கீழ எறக்கிரு ஒச்சா, எறக்கிரு"ன்னு கெஞ்சுனான்.

"பொழுது அடையட்டும்"னா ஒச்சம்மா.

அவனும் பாத்துக்கிட்டே இருந்தான், அவளும் நின்னுக்கிட்டே இருந்தா. கயித்தச் சுருட்டியாச்சு, கஞ்சிப்பானையும் வீடு வந்தாச்சு, கதையும் கரையேறியாச்சு. தூங்குங்க.